ரெஜினா அக்காவின் கட்டட வேலை

நான் வேலை செய்த பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவில் இப்போது தாதியாக இருக்கும் தர்ஷினி, போன மாதம் வெள்ளவத்தைக்கு என்னைப் பார்க்க வந்தாள். கையில் மாம்பழமும் ஒரு துண்டுப்பிரசுரமும். மாம்பழம் எனக்கு. துண்டுப்பிரசுரத்தில் தமிழ் திருத்த வேண்டுமாம். ஓய்வு பெற்ற எனக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று ஒரு வதந்தி உலவுகிறது. வார்டில் வேலையில்லாத நேரம் நான் புத்தகம் வாசித்ததைப் பார்த்தவர்கள் கிளப்பியது. தமிழ் தெரியும் என்பதை நான் மறுக்கவில்லை. வார்டில் வேலையில்லாத நேரம் ஒன்று இருந்தது என்பதைத்தான் மறுக்கிறேன்.

வழவழப்பான தாள். சிரித்த முகத்தோடு ஒரு பெண். மேலே தடித்த எழுத்தில் 'மார்பகப் புனரமைப்பு: உங்கள் தெரிவுகள்'.

"மிஸ், இதில பிழை இருக்கா?"

"பிழை இல்லை பிள்ளை. ஆனா இந்தச் சொல்லைப் பாத்தா எனக்குத் தார் மணக்குது."

அவளுக்கு விளங்கவில்லை. யுத்தம் முடியும்போது அவள் பாடசாலைப் பிள்ளை. எங்கள் காலத்தில் புனரமைப்பு என்றால் வீதியோரத்தில் தார்ப் பீப்பாய், பெரிய பலகை, அதற்குப் பின்னால் யாரும் வேலை செய்யாத ஒரு பாலம். அந்தச் சொல்லுக்குப் புனர்வாழ்வு என்று ஓர் ஒன்றுவிட்ட சகோதரியும் உண்டு, பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளை அடைத்துவைத்த முகாம்களின் பெயர். அதைக் கேட்டால் தாய்மார் உடனே மகனின் அடையாள அட்டை எங்கே என்று தேடுவார்கள். அப்படியான குடும்பத்துச் சொல்லை, புற்றுநோய்க்கு மார்பைக் கொடுத்துவிட்டு வந்திருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? கொச்சிக்கடை ரெஜினா அக்கா அந்தச் சிக்கலைத் தானே தீர்த்துவைத்தார். "என்ர கட்டட வேலை எப்ப தொடங்கும், மிஸ்?" என்றுதான் கேட்பார்.

ரெஜினா அக்காவைப் பற்றித் தர்ஷினிக்குச் சொன்னேன். புதிதாக வந்த பிள்ளைகளுக்கும் காட்ட வேண்டும், எழுதித் தாருங்கள் என்றாள். மாம்பழம் வாங்கிவிட்டேன், மறுக்க முடியாது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கட்டில் விரிப்பின் மூலையை மடிக்கக் கற்றேன். 'அசையாதீர்கள்' என்று மூன்று மொழிகளில் சொல்லக் கற்றேன். மயங்கி விழாமல் நிற்கக் கற்றேன், இதைக் கடைசியாக. பிறகு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். கொட்டாஞ்சேனையில் என் அம்மா, மகள் பிளாஸ்டிக் வாளி செய்யும் இடத்துக்கு மாற்றலாகிப் போகிறாள் என்று கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினார்.

பிரிவின் தலைவர் மாத்தறைக்காரர், சிங்களவர். அவருக்குப் பெயர் இருந்தது, ஒருவரும் பாவிக்கவில்லை. எல்லாருக்கும் அவர் 'சேர்'. மெலிந்த, உயர்ந்த மனிதர். கோபம் வந்தால் குரல் தாழும். 'சிஸ்டர், பிளீஸ்' என்று ஒருமுறை சொன்னால் அது வேண்டுகோள். இரண்டுமுறை சொன்னால் யாரோ அழப்போகிறார்கள் என்று அர்த்தம்.

கிளினிக் தொடங்க முன் அவருக்கு ஒரு கோப்பை தேநீர் வர வேண்டும். இரண்டு கைகளாலும் கோப்பையைப் பொத்திப் பிடித்துக்கொண்டிருப்பார். கை சூடானதும் மேசையில் வைத்துவிட்டு நோயாளியிடம் போவார். குளிர்ந்த கையோடு ஒரு பெண்ணின் காயத்தைத் தொடக்கூடாது என்பது அவர் கொள்கை. தேநீரைக் குடிக்க மாட்டார். இது தெரியாமல், தேநீர் கொண்டுவரும் எங்கள் அற்றண்டன் சோமபால, தன் தேநீர்தான் சரியில்லை என்று நினைத்துச் சீனியைக் கூட்டினார், குறைத்தார், இஞ்சி தட்டிப் போட்டார், கடைசியில் தேயிலைக் கடையையே மாற்றினார். நிறைந்த கோப்பை நிறைந்தபடியே திரும்பி வந்தது.

அந்த வருடங்களில் எங்கள் வார்ட் யுத்தத்துக்குச் சொந்தமாக இருந்தது. எரிந்த முகங்கள், தோல் போன கால்கள், விரலில்லாத கைகள். மார்பை இழந்த பெண்களுக்கு வாரத்தில் ஒரு பின்னேரம் மட்டும் மிஞ்சியது. அந்தப் பின்னேரத்துக்கென்று சேர் ஒரு முறை வைத்திருந்தார். மேசையில் இடப்பக்கம் வெறும் இடம் விட வேண்டும். அதற்கடுத்து, பிராவுக்குள் வைக்கும் துணி மெத்தை. அதற்கடுத்து, ஒரு கம்பனி மாதிரிக்குத் தந்த சிலிக்கன் பை. மற்ற நாட்களில் அது கடதாசி பறக்காமல் இருக்க உதவும். மேசையின் வலது கரையில் சேரே எழுந்து நிற்பார். தன் வயிற்றைத் தட்டுவார், திரும்பி நின்று முதுகைத் தட்டுவார். அந்த இரண்டு இடங்களில் ஒன்றிலிருந்து பெண்ணின் சொந்தத் தோலையும் தசையையும் கொண்டுவந்து மார்பு செய்யலாம் என்று பொருள்.

வெறும் இடத்தை முதலில் காட்ட வேண்டும். ஒன்றும் செய்யாமல் அப்படியே இருப்பதும் ஒரு தெரிவு. "எல்லாத்தையும் ஒரே குரலில் சொல்லுங்கள், சிஸ்டர்" என்பார். "ஒன்றைச் சொல்லும்போது உங்கள் குரல் ஏறினால், அவளுக்காக நீங்கள் தெரிவு செய்துவிட்டீர்கள்." நான் கொட்டாஞ்சேனைக்காரி. எங்கள் வீட்டில் உப்பைக் கேட்டாலே அதில் யாருக்கோ சார்பு இருக்கும். ஒரே குரலில் பேசப் பழக எனக்குப் பல மாதம் எடுத்தது. தர்ஷினியின் துண்டுப்பிரசுரத்தில் 'ஒன்றும் செய்யாதிருத்தல்' கடைசியில், சிறிய எழுத்தில் கிடந்தது. அதைத் தூக்கி முதலாவதாகப் போட்டேன். நான் செய்த பெரிய திருத்தம் அதுதான்.

தமிழ்ப் பெண்களுக்கு நான்தான் மொழிபெயர்ப்பு. ஆனாலும் சேர் முக்கியமான வசனத்தைத் தானே தமிழில் சொல்ல வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார். அவளுடைய உடம்பைப் பற்றி அவளுடைய மொழியில் கேட்பதுதான் மரியாதையாம். மரியாதை நல்லதுதான். தமிழ்தான் ஒத்துழைக்கவில்லை.

ரெஜினா அக்கா வந்தது அப்படியொரு பின்னேரத்தில். நாற்பது தாண்டியவர். கொச்சிக்கடையில் கோயிலுக்குப் பின்னால் ஒழுங்கையில் வீடு. கோட்டையில் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க். கணவர் அல்பிரட் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வலது மார்பை எடுத்து, ரேடியேஷனும் முடிந்து, இனிப் பயமில்லை என்று டொக்டர்மார் சொன்ன பிறகு அனுப்பியிருந்தார்கள்.

"இடது பக்கம் வந்திருந்தா நான் உங்களைத் தேடி வந்திருக்க மாட்டன், மிஸ்" என்று உட்காரும்போதே தொடங்கினார். "சீலைத் தலைப்பு மறைச்சிருக்கும். ஆண்டவர் சீலை கட்டினவர் இல்லைத்தானே, எந்தப் பக்கம் எண்டு அவருக்குத் தெரியேல்ல."

துணி மெத்தை ஒன்றைத் தானே தைத்திருந்தார். பஞ்சு வைத்தால் பாரமில்லை. பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் கழுத்தடிக்கு வந்துவிடும். அரிசி குத்தியது. பயறு அளவாக இருந்தது. அல்பிரட்டின் பழைய சொக்ஸை வெட்டி, பயறு நிரப்பி, வாயைத் தைத்து, தினமும் வேலைக்குப் போனார்.

"மழைக்காலம் மிஸ். நனைஞ்சு, வேர்த்து, ஒரு நாள் கழட்டிப் பாத்தா முளைச்சு வால் விட்டிருக்கு."

"ஐயோ! பிறகு?"

"பிறகென்ன, புதுப் பயறு போட்டனான். அதைச் சுண்டலா செய்யிறது?"

கிளினிக் முழுவதும் சிரித்தது. பக்கத்தில் இருந்த அல்பிரட் மட்டும் நிலத்தைப் பார்த்தார். மீதியை ரெஜினா அக்கா சிரிக்காமல்தான் சொன்னார்.

கொச்சிக்கடையிலிருந்து கோட்டைக்குப் போகும் வழியில் துறைமுகத்தடியில் சோதனைச்சாவடி. எல்லாரும் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். பெண்கள் தகரத்தால் அடைத்த கூடு ஒன்றுக்குள் போக, உள்ளே பொலிஸ்காரி தடவிப் பார்த்து விடுவாள். வழக்கமாக நிற்பவளுக்கு ரெஜினா அக்காவின் கதை தெரியும். அன்றைக்கு நின்றது புதுப் பிள்ளை. வலது பக்கம் கை பட்டதும் உள்ளே மணிகள் உருண்டன. "மே மொக்கத?" என்று கத்தினாள், இது என்ன என்று.

"முங்" என்றார் ரெஜினா அக்கா.

சிங்களத்தில் பயறுக்கு முங். அதே சத்தத்தில் 'இவன்கள்' என்றும் ஒரு சொல் உண்டு. நெஞ்சில் எதையோ கட்டிக்கொண்டு வந்த ஒரு தமிழ்ப் பெண் 'இவன்கள்' என்று சொன்னால், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன பிள்ளை எந்த இவன்கள் என்று நினைப்பாள்? குண்டு என்று அலறிக்கொண்டு வெளியே பாய்ந்தாள். வரிசை சிதறி ஓடியது.

"நடு றோட்டில நிக்கச் சொன்னாங்கள். கையைத் தூக்கு எண்டு ஒருத்தன். கழட்டி வை எண்டு இன்னொருத்தன். ரெண்டையும் எப்பிடி மிஸ் ஒருமிக்கச் செய்யிறது? ஒரு கையைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால எடுத்து வச்சனான். ஆரோ பெரியவர் வந்து கத்தியால கிழிச்சார். பயறு கொட்டுண்டுது. எல்லாரும் முதல்ல பயறைப் பாத்தாங்கள். பிறகு என்னைப் பாத்தாங்கள்."

ரெஜினா அக்கா சீலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அந்தப் பொலிஸ் பிள்ளைதான் அழுதழுது சீலையை இழுத்துக் குத்திவிட்டது. அதுக்கும் பயம், பாவம்."

அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. லீவு முடியப்போகிறது. கந்தோருக்கு வேறு வழியால் போயும் பயனில்லை. எல்லா வழியிலும் ஒரு தகரக் கூடு இருந்தது.

"நான் ஒண்டும் கேக்கேல்ல, மிஸ்" என்றார் அல்பிரட். "எனக்கு இவ இப்பிடியே ஓகே."

"உங்களுக்கு ஓகே. அந்தப் பொம்பிளைப் பொலிசுக்கு ஓகே இல்லையே!" பிறகு என் பக்கம் திரும்பி, "எனக்கு வடிவு, அலங்காரம் ஒண்டும் வேண்டாம், மிஸ். கழட்டச் சொன்னாலும் கழட்ட ஏலாத ஒண்டு வேணும். நான் வேலைக்குப் போகோணும்" என்றார்.

இதையெல்லாம் சேருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், ஒரே குரலில். சேர் கோப்பையைக் கொஞ்சம் அதிக நேரம் பொத்திப் பிடித்திருந்தார். பிறகு மேசையிலுள்ளதை வரிசையாக விளக்கினார். வெறும் இடம்: அப்படியே போகலாம், ஆனால் ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் கதை சொல்ல வேண்டும். மெத்தையைப் பற்றி ரெஜினா அக்காவே பாடம் எடுப்பார். சிலிக்கன் பை: ரேடியேஷன் பட்ட தோலுக்குக் கீழே அது இறுகலாம், புண்ணாகலாம். வயிற்றுச் சதை: பெரிய ஒப்பரேஷன், எழும்பி நடமாட நாளெடுக்கும், ரெஜினா அக்காவுக்கு அங்கே எடுக்கவும் அதிகமில்லை. மிஞ்சியது முதுகு. அந்த முக்கியமான வசனத்துக்காகச் சேர் நிமிர்ந்து உட்கார்ந்து, அன்போடு, நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னார்:

"பயப்பட வேணாம். உங்கட மூக்கில இருந்து சதை எடுத்து, மார்பு செய்வம்."

அல்பிரட் எழுந்தே விட்டார். ரெஜினா அக்கா மூக்கைத் தொட்டுப் பார்த்தார்.

"சேர்" என்றார், மிகுந்த மரியாதையோடு, "என்ர மூக்கு அவ்வளவுக்குக் காணாது."

நான் மொழிபெயர்க்கும் நிலையில் இருக்கவில்லை. சேர் தன் முதுகைத் தட்டித் தட்டி "மூக்கு, மூக்கு" என்கிறார். ரெஜினா அக்கா தன் முதுகைத் தட்டி "முதுகு, சேர், முதுகு" என்கிறார். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

"சரி, முதுகு" என்றார் ரெஜினா அக்கா. "அதை நான் பாக்கிறதே இல்லை. கொஞ்சம் குறைஞ்சாலும் தெரியாது."

அடுத்த முறை வரும்போது ஒரு பிளவுஸ் கொண்டு வரச் சொன்னார் சேர். எல்லாப் பெண்களிடமும் கேட்பார். பலர் கலியாண வீட்டுக்குப் போகும் பட்டுப் பிளவுஸைக் கொண்டு வருவார்கள். தினமும் போடுவதுதான் வேண்டும் என்று திருப்பி அனுப்புவோம். ரெஜினா அக்காவைப் பிளவுஸைப் போட்டுக்கொண்டு நிற்கச் சொல்லி, அதன் கழுத்தும் கீழ்க்கரையும் முதுகில் எங்கே முடிகின்றன என்று பேனாவால் கோடு இழுத்தார். வெட்டுத் தழும்பு அந்த எல்லைக்குள், பிராவின் பட்டி போகும் இடத்தில் விழ வேண்டும். எல்லாம் நின்றபடிதான். படுத்தால் சதை பொய் சொல்லும் என்பார்.

சத்திரசிகிச்சைக்காக வார்டில் சேர்ந்த அன்றே வடக்கிலிருந்து காயக்காரரைக் கொண்டுவந்தார்கள். ஒப்பரேஷன் தியேட்டர் அவர்களுக்குப் போனது. ரெஜினா அக்காவை வீட்டுக்கு அனுப்பினோம். மறுபடி அழைத்தோம். மறுபடியும் அதே கதை. வார்டில் கட்டில் போதாமல் காயக்காரரை நடைபாதையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தோம். அவர்களைத் தாண்டித்தான் கழிவறைக்குப் போக வேண்டும். போய்விட்டு வந்த ரெஜினா அக்கா பையைக் கட்டத் தொடங்கினார்.

"என்னக்கா?"

"கால் இல்லாத பிள்ளையள் கீழ கிடக்குதுகள். நான் இதுக்கு வந்து கட்டில்ல கிடக்கிறன். வெக்கமாயிருக்கு, மிஸ். என்ர பேரை வெட்டி விடுங்கோ."

உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் பட்டிருந்தது. சேரைக் கூட்டி வந்தேன். அவர் முழுவதையும் கேட்டார். குரல் தாழ்ந்தது.

"சிஸ்டர், இதை அப்படியே சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் கால் என்னுடைய லிஸ்டில் இருக்கிறது. இவருடைய மார்பும் என்னுடைய லிஸ்டில் இருக்கிறது. லிஸ்ட் எழுதுவது நான். இவர் செய்ய வேண்டியது, வேண்டுமா வேண்டாமா என்று சொல்வது மட்டும். பிளீஸ்." கொஞ்சம் நிறுத்தி, "பிளீஸ்."

மொழிபெயர்த்தேன். அந்த இரண்டாவது பிளீஸ்வரை.

ரெஜினா அக்கா கட்டிய பையை அவிழ்த்தார். "வேணும்" என்றார். இரண்டாவது பிளீஸுக்குப் பிறகு அழுதது அந்த முறை நான்.

ஒப்பரேஷன் நடந்தது. முதுகிலிருந்து இலை வடிவத்தில் தோலும் அதன் கீழிருந்த தசையும், தனக்கு இரத்தம் கொண்டுவரும் நாளத்தோடு, அக்குளுக்குக் கீழால் முன்பக்கம் வந்தன. நாளம் முறுகக்கூடாது. முறுகினால் எல்லாம் வீண். சேர் அந்தக் கட்டத்தில் மூச்சு விடுவாரா என்பது எங்களுக்குள் நெடுநாள் சர்ச்சை. பிறகு காவல் என் பொறுப்பு. புதுத் தோலில் விரலை வைத்து மெல்ல அழுத்த வேண்டும். வெளிறி, விரலை எடுத்ததும் சிவக்க வேண்டும். சிவக்கச் சுணங்கினால் இரத்தம் உள்ளே வரவில்லை. நீலம் பாரித்தால் வெளியே போகவில்லை. நானும் கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட்டேன். எங்களுக்குத் தேநீர் வராது. ரேடியேற்றர் மாதிரிச் சுட்ட, கருவிகளை அவிக்கும் ஸ்டெரிலைஸர் இருந்தது.

அழுத்தினேன், வெளிறியது. எடுத்தேன், சிவந்தது.

"மிஸ், ஆரோ முதுகில குத்துறாங்கள்" என்றார் ரெஜினா அக்கா.

சிலருக்கு அப்படி, முன்னால் தொட்டால் பின்னால் தெரியும். தசை முன்னால் வந்துவிட்டாலும், பழைய விலாசத்துக்கே கடிதம் போய்க்கொண்டிருக்கும்.

முலைக்காம்பு இரண்டாம் கட்டம். சில மாதங்கள் கழித்து, அந்த இடத்தை மட்டும் ஊசியால் மரத்துப்போகச் செய்து, சின்ன வேலையாகச் செய்யலாம் என்று சேர் சொல்லியனுப்பினார். ரெஜினா அக்கா மறுத்துவிட்டார்.

"அதைச் செக்பொயின்டில தேட மாட்டாங்கள், மிஸ். எனக்கு இவ்வளவு காணும்."

நீட்டி வாங்கிய லீவு முடிவதற்கு முன் அவர் வேலைக்குத் திரும்பினார். அடுத்த கிளினிக்குக்கு வந்து, கதிரையில் உட்காராமலே சொன்னார். அதே சாவடி, அதே பிள்ளை. அவள் அவரைக் கண்டதும் முகம் வெளிறி, சும்மா போகச் சொல்லிக் கையைக் காட்டினாளாம். "இல்லை, பார்" என்று இவர் நின்றிருக்கிறார். அவள் மெல்ல, விரல் நுனியால் தொட்டாள்.

"நான் பின்னால திரும்பிப் பாத்தன், மிஸ்! ஆரோ முதுகில தொட்ட மாதிரி இருந்துது. அவளும் பயந்து என்ர பின்னால எட்டிப் பாத்தாள். ரெண்டு பேரும் ஆளில்லாத இடத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறம். பிறகு சிரிச்சிட்டாள். போங்கோ எண்டாள்."

சேருக்கு அதைச் சொன்னேன். அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

அதன்பின் வருடாவருடம் பரிசோதனைக்கு வந்தார். கிறிஸ்மஸ் கேக் கொண்டு வருவார். சேரிடம் "மூக்கு நல்ல சுகம், சேர்" என்பார். யுத்தம் முடிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சாவடிகளைக் கழற்றினார்கள். தகரக் கூடுகள் போன இடத்தில் சதுரமாக வெளிறிய தரை தெரிந்தது. ஒரு பின்னேரம், கிளினிக்குக்குத் திகதி இல்லாமலே ரெஜினா அக்கா வந்து வரிசையில் நின்றார்.

"என்னக்கா, சுகமில்லையோ?"

"சுகம்தான். செக்பொயின்டெல்லாம் எடுத்திட்டாங்கள்."

"நல்லதுதானே!"

"ஓம். இப்ப ஒருத்தரும் பாக்கிறதில்லை. நான்தான் பாக்கிறன், கண்ணாடியில." குரலைத் தாழ்த்தினார். "கோயில் கட்டியாச்சு, மிஸ். உச்சியில குருசு வைக்கேல்ல. அண்டைக்கு நான் இதைக் கட்டினது அவங்களுக்கு. மிச்சத்தை எனக்குக் கட்டோணும்."

சேருக்குச் சொன்னேன். ஒரே குரலில் சொல்லவில்லை. அந்த ஒரு நாள் என் குரல் ஏறியது. அவரும் 'சிஸ்டர், பிளீஸ்' என்று சொல்லவில்லை.

முலைக்காம்பு செய்ய முன், எங்கே என்று குறிக்க வேண்டும். மற்ற எல்லாக் கோட்டையும் சேர்தான் இழுப்பார். இதை மட்டும் இழுக்க மாட்டார். ஈசீஜீ எடுக்கும்போது நெஞ்சில் ஒட்டும் வட்டத் துண்டொன்றை எடுத்து ரெஜினா அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். நீளக் கண்ணாடியைக் காட்டினார். எங்கே வேண்டுமோ அங்கே நீங்களே ஒட்டுங்கள் என்று, பிழையே இல்லாத தமிழில் சொன்னார். பிறகு சோமபால கொண்டுவந்து வைத்த தேநீரை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றார்.

ரெஜினா அக்கா ஒட்டினார். ஒரு காலடி பின்னால் போய்ப் பார்த்தார். உரித்து, கொஞ்சம் கீழே ஒட்டினார். தலையைச் சரித்துப் பார்த்தார். மறுபடி உரித்தார்.

"சேர், திரும்பாதேங்கோ. இன்னும் முடியேல்ல."

"அவசரமில்லை" என்றார் சேர், சுவரிடம்.

அவர் கைக்கு அன்றைக்கு வேலை இருக்கவில்லை. கோப்பையைத் தூக்கி, அந்தத் தேநீரைக் குடித்தார்.